‘ஆனால்’ விழுந்துபோன முப்பத்து மூன்று கோடி

மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், வாசிக்கும் நாளில் தயிர் சாப்பிடலாமா, பக்கத்தைப் புரட்டும் சத்தம் பதிவாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசக் கூப்பிட்டதே அதற்குத்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே நான் ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இந்த அடையாறு கூடத்தில் நான் சரிபார்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் ஒலி, கண்ணில் அச்சு, கையில் பென்சில். அதுதான் என் வேலை. வாசிப்பவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. “அமலாக்கா உக்காந்துட்டாங்க, இன்னிக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான்” என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும். வாசிப்பவருக்குப் பிடித்த சரிபார்ப்பாளர் என்று ஒருத்தி இருந்தால் அவள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முதலில் ஒரு சின்னச் சங்கதி. இயற்பியல் வாசிக்க வந்த ஒரு தம்பி, ‘படத்தில் காட்டியுள்ளபடி’ என்று கணீரென்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். கேட்ட மாணவன் மறுநாளே போன் செய்தான். “அண்ணே, படத்துல காட்டினீங்க சரி, எனுக்கு எப்ப காட்டுவீங்கோ?” கண்ணுக்கு ஒரு நொடியில் போய்ச் சேர்வது காதுக்குத் தானாகப் போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அப்போது இங்கே ஒரு பெரியவர் வாசித்தார். பெயர் வேண்டாம், ஐயா என்றே சொல்கிறேன். மயிலாப்பூர்க்காரர், வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. மீதிப் பாதி அவரைத் திருத்தியதில் கற்றது. எவ்வளவு மோசமாக எழுதிய வாக்கியமும் அவர் வாயில் நன்றாகிவிடும். கரடுமுரடான மொழிபெயர்ப்புகளை எல்லாம் அவரிடம்தான் தள்ளுவோம். அவரும் அலுத்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்வார்.

எங்கள் கேட்பவர்களில் பவித்ரா என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் குடும்பம் முன்பு ஆற்றோரம் குடியிருந்தது. அங்கிருந்து அகற்றப்பட்டு ஊருக்கு வெளியே போய், பிறகு எப்படியோ பெருங்குடியில் ஒரு வீடு பிடித்தார்கள். அம்மாவுக்கு ஓ.எம்.ஆர். சாலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. பவித்ராவுக்குக் கணக்கு என்றால் உயிர். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தாள்.

கல்லூரிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, தயங்கினார்கள். கரும்பலகையைப் பார்க்காமல் எப்படிக் கணக்குப் படிக்க முடியும், வெறுமனே கேட்டு ஒப்பிப்பது கணிதமாகுமா என்பது அவர்கள் கவலை. கடைசியில், நேர்முகத்துக்கு வா, உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு கணித விஷயத்தை எங்களிடம் பேசு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு பேச்சில்தான் அவளுடைய இடம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எண்களைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அதில் பகா எண் அத்தியாயத்தை மட்டும் சீக்கிரம் வாசித்து அனுப்பச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தை மறந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். வகுபடுவது பகு எண். ‘பகா’வுக்கும் ‘பகு’வுக்கும் நடுவில் ஓர் உயிர்மெய்தான் வித்தியாசம். தமிழில் கணக்குப் புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வம்பு கிடையாது.

அந்த அத்தியாயத்தில் ஒரு வேடிக்கையான வரிசை இருந்தது. 31, 331, 3331, 33331 என்று ஒவ்வொரு மூன்றாக முன்னால் சேர்ந்துகொண்டே 33333331 வரைக்கும் போகும். ஏழு எண்கள், ஏழும் பகா எண்கள். அச்சில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போட்டிருந்தார்கள், பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஐயா அதைச் செய்தி வாசிப்பது போலவே வாசித்தார். ‘மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று, முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று’ என்று போய், மூன்று கோடியில் முடித்தார். மாதிரிக்கு அந்தத் துண்டை மட்டும் அனுப்பினோம். பவித்ரா உடனே கூப்பிட்டாள்.

“இன்னாக்கா இது, ஐயா ஆயிரம் லட்சம் கோடினு எலெக்ஷன் ரிசல்ட் மாதிரி சொல்லிக்கினே போறாரு? மூணு எத்தினி, ஒண்ணு எங்க கீது, அத்த சொல்ல சொல்லுங்கோ.”

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வோர் எண்ணையும் இரண்டு விதமாக வாசித்தோம். முதலில் முழு எண், அடுத்து ‘ஏழு மூன்றுகள், கடைசியில் ஓர் ஒன்று’ என்பது போல. இன்றைக்கும் இந்தக் கூடத்தில் பெரிய எண்களை இப்படித்தான் வாசிக்கிறோம். நீங்களும் அப்படியே வாசியுங்கள்.

அதற்கு அடுத்து வந்த வாக்கியத்தில்தான் வினை. நம் வாசலில் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. துளையிடும் யந்திரம் நிற்கும் இடைவெளியில் மட்டும் பதிவு செய்வோம், அது மறுபடி உறுமினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு நான் வேறு அறையில் வேறு புத்தகத்தில் இருந்தேன். ஐயா அத்தியாயத்தை முடித்தார். நேர்முகம் நெருங்கிவிட்டதால் சரிபார்ப்புக்குக் காத்திராமல் அன்று மாலையே பொறுப்பாளர் அதைப் பவித்ராவுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, அதாவது நேர்முகத்தன்று, நான் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்டேன். ஐயாவின் குரல் வந்தது: ‘இவை ஏழும் பகா எண்கள். மேலும், முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று ஒரு பகா எண்.’ கேட்க அமிர்தமாக இருந்தது. ஆனால் என் எதிரில் அச்சில் இருந்தது வேறு. ‘இவை ஏழும் பகா எண்கள். ஆனால் 333333331 ஒரு பகா எண்.’

அடுத்த புத்தகத்துக்காக ஐயா அப்போதுதான் உள்ளே வந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இங்க ‘ஆனால்’னு போட்டிருக்கு. நீங்க ‘மேலும்’னு வாசிச்சிருக்கீங்க.”

“தெரியும்மா. மேல ஏழும் பகா எண்ங்கறான், இதுவும் பகா எண்ங்கறான். அப்பறம் நடுவுல எதுக்கு ஒரு ‘ஆனால்’? சாதத்துல கல்லு கடிச்ச மாதிரி இருந்தது. எடுத்துட்டேன்.”

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே?”

“வெளில அந்தச் சனியன் ஓஞ்ச அஞ்சு நிமிஷத்துல உன்னைத் தேடிண்டு வந்தா நான் எப்போ முடிக்கறது?”

அவர் சொன்னது நியாயம்தான். வாக்கியம் தடுக்கியது, அவர் சீராக்கினார். கேட்டவர் யாரும் குறை சொல்லமாட்டார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எழுதியவர் சும்மா ‘ஆனால்’ போடுவாரா? ஓர் எழுத்து கைதவறி மாறலாம். ‘மேலும்’ என்று எழுத வேண்டிய கை ‘ஆனால்’ என்று எழுதாது. அப்படியானால் தப்பு ‘ஆனால்’ இல்லை, ‘பகா’. அங்கே ‘பகு’ என்று இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் வகுக்க ஆரம்பித்தேன். மூன்றில் போகவில்லை. ஏழில் இல்லை. பதினொன்றில் இல்லை, பதின்மூன்றில் இல்லை. பதினேழைப் போட்டேன். மூன்றுகள் ஒவ்வொன்றாக இறங்கின, மீதி பதினாறு, பத்து, ஒன்று என்று தாவிக்கொண்டே வந்து கடைசியில் ஐந்து நின்றது. அந்தக் கடைசி ஒன்றை இறக்கியதும் ஐம்பத்தொன்று. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. மீதி இல்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்று ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். “அமலா, அந்தக் குழந்தை இன்னிக்கு இதைத்தான் பேசப்போறேன்னு சொன்னா இல்லையா?” என்றார்.

ஆமாம், இதைத்தான். எட்டுப் படி, எட்டும் பகா எண் என்று அவள் சபையில் சொல்வாள். அவர்கள் சிரிக்கமாட்டார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கேட்டு ஒப்பிப்பது கணிதம் ஆகாது என்ற அவர்கள் பயத்துக்கு நாங்களே சாட்சி தயார் செய்து கொடுத்துவிட்டோம். அவளுடைய கைபேசிக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். திரும்பத் திரும்பப் போட்டேன். ஐயா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோ மந்தைவெளியில் நின்றே விட்டது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருந்தார்கள். நாங்கள் தவித்த தவிப்பைக் கண்ணாடியில் பார்த்து ஆட்டோக்காரர் கேட்டார்.

“இன்னா மேடம், ஆஸ்பத்திரியா?”

“இல்லப்பா. ஒரு நம்பர் தப்பாப் போச்சு.”

“ராங் நம்பரா? அதுக்கா ஆட்டோ புட்ச்சுக்கினு வர்றீங்கோ? இன்னொரு தபா போட்டா முட்ஞ்சு போச்சு!”

வேறொரு நாளாக இருந்தால் நானும் ஐயாவும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்று ஐயா வெளியே பார்த்தபடி, “இத்தனை வருஷம் செய்தி வாசிச்சேன். ஒரு வார்த்தை மாத்தினதில்லை” என்று மட்டும் முணுமுணுத்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

கல்லூரியில் துறை வாசலில் ஒரு பெஞ்சில் பவித்ராவின் அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“உள்ள கூப்ட்டு ரொம்ப நேரம் ஆச்சும்மா. இன்னாத்த கேக்கறாங்கோனு தெர்ல.”

ஐயா நேராகக் கதவை நோக்கிப் போனார். நான் முன்னால் போய் மறித்தேன்.

“விடும்மா. தப்பு என்னோடது, நானே போய்ச் சொல்லிடறேன். பதிவுலதான் தப்பு, அவமேல இல்லைன்னு.”

“அவ இன்னும் அந்த இடத்துக்கே வரலைன்னா? வந்து, சரியாவே சொல்லிட்டிருந்தா? படிச்சுக் காட்டறவங்களே வந்து இவளுக்குப் பதில் சொல்றாங்கன்னுதானே நினைப்பாங்க?”

“தப்பாச் சொல்லிட்டா?”

“வெளிய வந்ததும் அவகிட்டதான் முதல்ல சொல்லணும். நாம உள்ள போய்ப் பேசணுமா வேண்டாமான்னு அவ சொல்லட்டும். இது அவளோட பரீட்சை ஐயா.”

இவ்வளவு திடமாகச் சொன்னேனே ஒழிய, கதவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே அந்தப் பெண் இந்த நிமிஷமே தவறிக்கொண்டிருக்கலாம், ஒரு கதவைத் தட்டினால் தடுக்கலாம். தட்டாமல் இருக்கிறேன். நான் செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். ஐயா பெஞ்சில் உட்கார்ந்து வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இன்னும் பயம் அதிகமாகிவிட்டது.

கதவு திறந்தது. பவித்ரா கைத்தடியை விரித்தபடி வெளியே வந்தாள். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. ஐயா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

“இன்னா ஐயா, நீங்க இங்க இன்னா பண்றீங்கோ?”

“பவித்ரா, அந்தக் கடைசி எண் இருக்கே, அது பகா எண் இல்லைம்மா. நான்தான்...”

“பகு எண்ணு. பதினேழுல போவும்.”

நான்தான் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்? காலைல இருந்து உன் போன் ஏன் அணைஞ்சு கிடக்கு?”

“பஸ்ல அத்ததான் வகுத்துக்கினு வந்தேன். நடுவுல போன் வந்தா மீதி மறந்துபூடும்ல? கடைசில ஒண்ணு கீது, அதனால மூணுல போவாது. அப்பறம் பாருக்கா, ஆறு மூணு சேந்தா ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாத்துலயும் சுத்தமா போயிடும். மிச்சம் நிக்கறது முந்நூத்தி முப்பத்தொண்ணு. அதான் பகா எண்ணாச்சே, அது எதுல போவும்? அதனால நேரா பதினேழுக்கு பூட்டேன்.”

நான் செய்தித்தாள் ஓரத்தில் ஒவ்வொன்றாக வகுத்ததை இவள் ஒரே தாவலில் தாண்டியிருந்தாள். எனக்கு அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

“உள்ள என்ன சொன்னே?” என்றேன்.

“இதத்தான் சொன்னேன். புக்ல பகா எண்ணுன்னு கீது, தப்புன்னேன். அப்ப இன்னொரு காரணி இன்னான்னு மேடம் கேட்டாங்க. ‘ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று’ன்னு ஐயா மாதிரியே சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்கோ.”

சொன்னபோது அச்சு அசல் ஐயாவின் குரல். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

“அந்தக் கோடி கெடக்குதுடி! சீட்டு குட்த்தாங்களா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல!”

“குட்த்துட்டாங்கம்மா. திங்கக்கெழமை சர்டிபிகேட் எட்துக்கினு வர சொன்னாங்கோ.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பவித்ரா தடவிப் பார்த்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். வாசலில் காப்பி வாங்கிக் குடித்தோம்.

ஐயாவுக்கு மட்டும் இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. “வகுத்தே, சரி. ஆனா வகுத்துப் பாக்கணும்னு உனக்கு எப்படிம்மா தோணித்து? ஏழு பகா எண், எட்டாவதும் பகா எண். நானே சந்தேகப்படலையே.”

பவித்ரா கொஞ்சம் தயங்கினாள். “சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே ஐயா? புக்ல கீறத படிக்கறப்ப நீங்க நியூஸ் மாதிரி படிப்பீங்கோ. நீங்களா ஒரு வார்த்தை போட்டா மட்டும் பாட்டு மாதிரி வரும். ‘மேலும்’ ரொம்ப அழகா இருந்துச்சு. அப்பவே நெனச்சேன், இங்க ஐயா கை வச்சிருக்காருன்னு.”

நான் ஐயாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று தெரியும். அவரே ஆரம்பித்துவிட்டார். உடம்பு குலுங்க, காப்பி சிந்த, அப்படிச் சிரித்தார். அதற்கு முன்னும் எத்தனையோ ‘மேலும்’, எத்தனையோ ‘எனவே’ போட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறாள்.

நீங்கள் மைக் முன்னால் உட்காரும்போது ஏதாவது ஒரு வாக்கியம் நிச்சயம் தடுக்கும். உங்களுக்குத் தமிழ் நன்றாக வரும், ஆகவே அதைச் சீராக்க வாய் ஊறும். தயவுசெய்து சீராக்காதீர்கள். நிறுத்துங்கள், கூப்பிடுங்கள். சரிபார்ப்பவர் பல்லைக் கடித்தால் கடிக்கட்டும், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். பிழை தடுக்கிக்கொண்டு கிடந்தால் யாராவது குனிந்து பார்ப்பார்கள். எல்லாருக்கும் ஒரு பவித்ரா கிடைக்கமாட்டாள்.

அன்றைக்கே திரும்பி வந்து அந்த வாக்கியத்தை மறுபடி பதிவு செய்தோம். ‘இவை ஏழும் பகா எண்கள். ஆனால், முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று ஒரு பகு எண். அச்சில் இங்கே பகா என்று உள்ளது, பிழை.’ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அத்தனை சாதாரணமாக ஐயா எதையும் வாசித்து நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டுத் தலையசைத்தேன். பவித்ராவுக்கு அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஐயா கைபேசியைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டார், பிறகு எனக்கும் போட்டுக் காட்டினார்.

“இப்ப நம்பறேன், ஐயா.”